இணையக் கதைகளின் தரவரிசை: எண்ணிக்கை முறைகளின் வரலாறு

கடைக் கணக்கில் பிறந்த பட்டியல்

நூல்களை வாசகர் விருப்பத்தின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்தும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவானது. 1895-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'தி புக்மேன்' என்னும் இலக்கிய மாத இதழ், ஹாரி தர்ஸ்டன் பெக்கின் ஆசிரியப் பொறுப்பில், பல நகரங்களின் புத்தகக் கடைகளில் அதிகம் விற்ற நூல்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி மாதந்தோறும் அச்சிட்டது. பின்னர் நகரப் பட்டியல்களை ஒன்றுசேர்த்து நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் தயாரிக்க ஒரு புள்ளிக் கணக்கு வகுக்கப்பட்டது. ஒரு நகரில் முதலிடம் பெற்ற நூலுக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 8, அதற்கடுத்த இடங்களுக்கு முறையே 7, 6, 5, 4. எல்லா நகரங்களின் புள்ளிகளையும் கூட்டி, மேலே நின்ற ஆறு நூல்கள் அந்த மாதத்தின் 'பெஸ்ட்செல்லர்' ஆயின.

இந்தக் கணக்கில் விற்ற பிரதிகளின் எண்ணிக்கை எங்கும் வரவில்லை. சிறு நகரம் ஒன்றின் முதலிடத்துக்கும் நியூயார்க்கின் முதலிடத்துக்கும் ஒரே 10 புள்ளிதான். ஒரு நகரில் மட்டும் பெரிதாக விற்ற நூலைவிடப் பல நகரங்களில் சுமாராக விற்ற நூல் மேலே வரும். எதை எண்ணுவது, எப்படிக் கூட்டுவது என்ற முடிவே பட்டியலின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பது முதல் பட்டியலிலேயே வெளிப்பட்டுவிட்டது. இன்றைய இணையக் கதைத் தளங்கள் வரை இந்த உண்மை மாறவில்லை.

'நியூயார்க் டைம்ஸ்' 1931-இல் நியூயார்க் நகர அளவில் விற்பனைப் பட்டியலைத் தொடங்கி, 1942-இல் அதை நாடு தழுவியதாக்கியது. தேர்ந்தெடுத்த கடைகளிடமிருந்து தகவல் பெறப்பட்டது. அவை எந்தக் கடைகள் என்பது வெளியே சொல்லப்படவில்லை. 'தி எக்ஸார்சிஸ்ட்' நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி, 1983-இல் வந்த தம் 'லீஜன்' நாவல் போதிய அளவு விற்றும் பட்டியலில் உரிய இடம் பெறவில்லை என்று வழக்குத் தொடுத்து, 60 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டார். பட்டியல் வெறும் கணக்கு அல்ல, ஆசிரியர் குழுவின் தேர்வுக்கு உட்பட்ட படைப்பு என்று பத்திரிகை வாதிட்டது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1986-இல் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பட்டியலை வளைக்கும் முயற்சிகளும் உடன் வளர்ந்தன. 1995-இல் நிர்வாகவியல் நூல் ஒன்றின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் பல கடைகளில் பிரித்து வாங்கப்பட்டு, அந்த நூல் பட்டியலுக்குள் வந்த செய்தி வெளியானது. மொத்தக் கொள்முதலால் ஏறிய நூல்களின் பெயருக்குப் பக்கத்தில் குறுவாள் வடிவக் குறி ஒன்றை இடுவது பத்திரிகையின் வழக்கமாயிற்று. ஐயத்துக்குரிய எண்ணிக்கையை மறைக்காமல், அதன் மேலேயே எச்சரிக்கை வைக்கும் முறை இது. 2001-இல் அமெரிக்காவுக்கு வந்த நீல்சன் புக்ஸ்கேன், கடைகளின் பில் போடும் இயந்திரத்திலிருந்தே விற்ற பிரதிகளை நேராக எண்ணித் தந்தது. அப்போதும் விற்பனைதான் எண்ணப்பட்டது. வாங்கியவர் படித்தாரா, படித்தது பிடித்திருந்ததா என்பதை அறிய அச்சுலகத்துக்கு வழி இருக்கவில்லை.

வரிசை எண்ணும் தேதியும்

இணையக் களஞ்சியங்கள் தொடங்கியபோது அவற்றில் தரவரிசை இல்லை. மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டம் நூல்களுக்கு வரிசை எண் கொடுத்து அடுக்கியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் நூல்களை அவை சேர்ந்த வரிசையில் எண்ணிட்டே வைத்தது. சங்க இலக்கியத்துக்கும் பிற்கால நாவலுக்கும் அங்கே ஒரே வகையான எண்தான். பாதுகாப்பதே நோக்கமான களஞ்சியத்துக்கு அது போதும். எது வேண்டும் என்று தெரிந்தே வாசகர் வருகிறார்.

நூல்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும், எதைப் படிப்பது என்று கேட்கும் வாசகருக்கு வேறு வழி தேவைப்பட்டது. குட்டன்பெர்க் தளம் நேற்று, கடந்த 7 நாள், கடந்த 30 நாள் என மூன்று கால அளவுகளில் அதிகம் பதிவிறக்கப்பட்ட 100 நூல்களைத் தனித்தனியாகப் பட்டியலிட்டது. அதன் விதிகள் அந்தப் பக்கத்திலேயே எழுதப்பட்டன. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நூலை ஒரே நாளில் எத்தனை முறை இறக்கினாலும் ஒன்றாகத்தான் கொள்ளப்படும். ஒரு நாளில் 100-க்கு மேல் கோப்புகளை இறக்கும் முகவரி, தானியங்கி நிரல் எனக் கருதப்பட்டுக் கணக்கிலிருந்து நீக்கப்படும். எண்ணுவதற்கு முன் எது வாசிப்பு, எது வாசிப்பு அல்ல என்று வகுத்துக்கொண்டு, அந்த வரையறையை வாசகருக்கும் சொன்ன நல்ல முன்மாதிரி இது.

வாசகர்களே எழுதும் கதைகளுக்கான பெரிய களமாக 1998-இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் வந்தது. புகழ்பெற்ற நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் புனைவுகள் அங்கே குவிந்தன. கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட கதை மேலே நிற்பது அங்கே இயல்பான வரிசை. வேண்டுபவர் விமர்சனங்களின் எண்ணிக்கையையோ, விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்களின் எண்ணிக்கையையோ கொண்டு வரிசையை மாற்றிக்கொள்ளலாம். தேதி வரிசை புதியவருக்குச் சில மணி நேரமாவது முதல் பக்கத்தில் இடம் கொடுத்தது. அதே வரிசை, அத்தியாயங்களைச் சிறுசிறு துண்டுகளாக்கி அடிக்கடி ஏற்றுபவருக்குத் திரும்பத் திரும்ப முதலிடம் கொடுத்தது. விமர்சன எண்ணிக்கையோ, இத்தனை விமர்சனம் வந்தால்தான் அடுத்த அத்தியாயம் என்று எழுத்தாளர்கள் நிபந்தனை போடும் பழக்கத்தை உண்டாக்கியது.

சராசரியின் குறை

ஐந்து நட்சத்திர மதிப்பீடு பரவலானபோது, சராசரி மதிப்பெண்ணை அப்படியே வரிசையாக்குவது எளிய வழியாகத் தோன்றியது. அதன் குறை உடனே தெரியும். இரண்டு நண்பர்கள் மட்டும் 5 கொடுத்த கதையின் சராசரி 5. இரண்டாயிரம் பேர் படித்து மதிப்பிட்ட கதையின் சராசரி 4.6. சராசரி வரிசையில் முதல் கதை மேலே நிற்கும். உண்மையில் அதைப் பற்றிக் கிட்டத்தட்ட எதுவுமே தெரியாது.

திரைப்படத் தரவுத்தளமான ஐஎம்டிபி தன் 'முதல் 250' பட்டியலுக்கு இதற்கொரு விடை கண்டு, சூத்திரத்தையும் வெளியிட்டது. ஒவ்வொரு படைப்புக்கும் உண்மையான வாக்குகளுடன், தளத்தின் பொதுச் சராசரியில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கற்பனை வாக்குகளைச் சேர்த்துக்கொள்வதே அதன் சாரம். ஒரு கதைத் தளத்தின் பொதுச் சராசரி 4.2 என்றும், சேர்க்கும் வாக்குகள் 100 என்றும் வைத்துக்கொண்டால் அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும். 12 பேர் மட்டும் 5 கொடுத்த கதையின் திருத்திய மதிப்பெண் ஏறத்தாழ 4.29. இரண்டாயிரம் பேர் 4.6 கொடுத்த கதையின் மதிப்பெண் ஏறத்தாழ 4.58. முதல் கதை தண்டிக்கப்படவில்லை; பொதுச் சராசரிக்குச் சற்று மேலே நின்று, கூடுதல் வாசகரின் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. வாக்குகள் சேரச் சேரக் கற்பனை வாக்குகளின் பாரம் குறைந்து, கதையின் சொந்த மதிப்பெண் வெளிப்படுகிறது.

பிடித்தது, பிடிக்கவில்லை என்ற இரண்டே விடைகள் உள்ள தளங்களுக்கு இன்னொரு முறை உண்டு. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வின் வில்சன் 1927-இல் வகுத்த நம்பக இடைவெளிக் கணக்கை, இணைய மதிப்பீடுகளுக்குப் பயன்படுத்தும்படி ஈவன் மில்லர் 2009-இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். அதே ஆண்டில் ரெடிட் தளம் கருத்துகளை வரிசைப்படுத்த அதை ஏற்றுக்கொண்டது. கிடைத்த வாக்குகளைக் கொண்டு, உண்மையான விருப்ப விகிதம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று 95 விழுக்காட்டு நம்பகத்துடன் வில்சனின் முறை கணிக்கிறது. 10 பேரில் 10 பேரும் விரும்பிய படைப்புக்கு அந்தக் கீழ் எல்லை ஏறத்தாழ 72 விழுக்காடு. 1,000 பேரில் 900 பேர் விரும்பியதற்கு ஏறத்தாழ 88 விழுக்காடு. எனவே இரண்டாவதே மேலே வரும். சான்று குறைவாக இருக்கும் இடத்தில் அடக்கமாக மதிப்பிடு என்பதே இரு முறைகளும் சொல்லும் பாடம்.

நட்சத்திரங்களுக்கே உரிய வேறொரு சிக்கலும் இருந்தது. தன் தளத்தில் தரப்படும் மதிப்பீடுகளில் மிகப் பெரும்பாலானவை 5 நட்சத்திரமே என்பதை யூடியூப் 2009-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே நட்சத்திரங்களை நீக்கி, விருப்பக் குறிக்கு மாறியது. பிடிக்காதவர் பாதியில் விலகிவிடுகிறார். மதிப்பிடும் சிரமத்தை எடுப்பவர் பெரும்பாலும் மகிழ்ந்தவர். கதைத் தளங்களில் இது இன்னும் கூடுதலாக நிகழும். நாற்பது அத்தியாயம் தாண்டி வந்து மதிப்பிடும் வாசகர், கதை பிடித்ததால்தான் அதுவரை வந்திருக்கிறார்.

நட்சத்திரம் இல்லாத களஞ்சியம்

ரசிகர் புனைவுகளுக்காக, லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது நட்சத்திரத்தையும் எதிர்வாக்கையும் ஏற்கவில்லை. 2010 இறுதியில் 'குடோஸ்' என்ற பாராட்டுக் குறியைச் சேர்த்தது. உறுப்பினர் ஒருவர் ஒரு படைப்புக்கு ஒரு முறைதான் அதைத் தர முடியும். வருகை, குடோஸ், கருத்துரை, புத்தகக்குறி, சொல் எண்ணிக்கை, தேதி என எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்பதை வாசகரே தேர்ந்தெடுக்கிறார். பாத்திரங்கள், உறவு, மனநிலை, எச்சரிக்கை முதலியவற்றைக் குறிச்சொற்களாக இட்டு, தேடலைச் சல்லடை போல் சலிக்கும் வசதியே தளத்தின் முதுகெலும்பு. இன்று 1 கோடியைத் தாண்டிய படைப்புகளுடன் அது இயங்குகிறது. 2019-இல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருதும் அதற்குக் கிடைத்தது.

இம்முறையிலும் எண்ணிக்கை பேசுவதைச் சரியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. குடோஸை வருகையால் வகுத்து வரும் விகிதத்தைத் தரத்தின் அளவாகக் கொள்ளும் பழக்கம் வாசகர்களிடையே உண்டு. ஒற்றை அத்தியாயக் கதைக்கு அது ஓரளவு பொருந்தும். முப்பது அத்தியாயத் தொடருக்குப் பொருந்தாது: ஒரே வாசகர் முப்பது முறை திரும்பி வருகிறார், குடோஸை ஒரு முறைதான் தர முடிகிறது. வாசகரைத் திரும்பத் திரும்ப வரவழைத்த தொடரே அந்த விகிதத்தில் தாழ்ந்து தெரிகிறது.

பழைய கதைகளுக்கு இயல்பாகவே கூடுதல் குடோஸ் சேர்ந்திருக்கும். மேலே இருப்பதால் புதியவர் அதையே திறக்கிறார். திறப்பதால் அது இன்னும் மேலே போகிறது. பெரிய ரசிகர் வட்டத்தின் சுமாரான கதை, சிறிய வட்டத்தின் மிக நல்ல கதையை எண்ணிக்கையில் எளிதாக வெல்லும்.

ஜப்பானின் புள்ளிப் பட்டியல்

தரவரிசை ஒரு நாட்டின் எழுத்தையே எப்படி வடிவமைக்கும் என்பதற்கு, 2004-இல் தொடங்கிய ஜப்பானியத் தளமான 'ஷோசெட்சுகா நி நாரோ' தெளிவான சான்று. 'நாவலாசிரியர் ஆவோம்' என்பது அதன் பொருள். அங்கே வாசகர் ஒரு கதையைப் புத்தகக்குறியிட்டால் 2 புள்ளி. மதிப்பிட்டால் அதிகபட்சம் 10 புள்ளி. ஆக ஒருவர் ஒரு கதைக்கு 12 புள்ளி வரை தரலாம். எதிர்ப்புள்ளி கிடையாது, மிகக் குறைந்த மதிப்பீடு கூடப் புள்ளியைக் கூட்டத்தான் செய்யும். எனவே அந்தக் கூட்டுத்தொகை தரத்தின் சராசரி அல்ல. அக்கறை எடுத்துக்கொண்டு பதில் சொன்ன வாசகர்களின் தொகை அது.

நாள், வாரம், மாதம், காலாண்டு, ஆண்டு, மொத்தம் எனப் பட்டியல்கள் தனித்தனியாக இருந்தன. நாள் பட்டியலில் இடம் பிடித்தால் வார வரிசை, அங்கிருந்து மாத வரிசை என ஏறலாம். பதிப்பகங்கள் இந்தப் பட்டியல்களைப் பார்த்தே அச்சு நூலுக்கும் மங்கா என்னும் சித்திரக்கதைக்கும் அனிமே என்னும் அசைவூட்டப் படத்துக்கும் கதைகளைத் தேர்ந்தன. 2012-இல் தொடங்கிய 'முஷோக்கு டென்செய்' பல ஆண்டுகள் மொத்தப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. மறுபிறவி எடுத்து வேறோர் உலகுக்குச் செல்லும் நாயகனின் கதை அது. வென்ற கதையின் சாயலில் எழுதினால் வெல்லலாம் என்ற நம்பிக்கை பரவி, பட்டியல் முழுக்க வேற்றுலகக் கதைகளால் நிறைந்தது. பட்டியலில் முதலில் கண்ணில் படுவது தலைப்பு என்பதால், கதைச் சுருக்கம் முழுவதையும் தலைப்பிலேயே அடக்கும் மிக நீண்ட பெயர்களும் பெருகின.

2016-இல் தளம் தன் வகைப்பாட்டைத் திருத்தி, வேற்றுலக மறுபிறப்பு, இடப்பெயர்ச்சிக் கதைகளுக்குத் தனித் தரவரிசை ஒதுக்கியது. எந்த வகையும் தடை செய்யப்படவில்லை. மற்ற வகைகள் தம்முள் போட்டியிட ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே. ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் மோதவிடுவது நியாயம் அல்ல என்பதை ஒரு பெரிய தளம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.

பக்கத்தை எண்ணிய சோதனை

விற்பனை, வருகை, வாக்கு ஆகிய மூன்றும் வாசிப்பைச் சுற்றி நிற்பவை. வாசிப்பையே அளக்கும் பெரிய முயற்சி அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் நடந்தது. 2014-இல் தொடங்கிய அதில், மாதக் கட்டணம் செலுத்திய வாசகர் ஒரு நூலின் 10 விழுக்காட்டைத் தாண்டினால் எழுத்தாளருக்கு ஒரு முழு இரவலுக்கான தொகை கிடைத்தது. பத்துப் பக்கச் சிறு நூலில் ஒரு பக்கம் புரட்டினால் போதும். 500 பக்க நாவலுக்கு 50 பக்கம் வேண்டும். விளைவாக, துண்டு நூல்கள் குவிந்தன.

2015 ஜூலையில், படிக்கப்பட்ட பக்கங்களுக்கே பணம் என்று விதி மாறியது. வாசகர் எட்டிய கடைசி இடத்தைக் கொண்டு பக்கங்கள் கணக்கிடப்பட்டதால், முதல் பக்கத்தில் ஓர் இணைப்பை வைத்து வாசகரை நூலின் கடைசிக்குத் தாவச் செய்யும் மோசடி கிளம்பியது. ஒருவர் ஒரு நூலில் படித்ததாகக் கொள்ளப்படும் பக்கத்துக்கு 3,000 என்ற உச்சவரம்பு வந்தது. முதல் விதியில் சிறு நூல்களும் அடுத்த விதியில் செயற்கையாகப் பருத்த நூல்களும் ஊக்கம் பெற்றன. எந்த அளவுகோலும் பரிசோடு சேர்க்கப்பட்ட நாளிலிருந்து, அளப்பதற்காகவே செய்யப்படும் பொருட்களையும் அளக்கத் தொடங்குகிறது.

முன் காட்டும் எண்ணின் வலிமை

வரிசை வாசகர் விருப்பத்தைக் காட்டுகிறதா, உண்டாக்குகிறதா என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள் வைக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது காட்டப்படவில்லை. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் குழுவின் எண்ணிக்கையைக் கண்டார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் வெற்றி பெற்ற பாடலுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான இடைவெளி பெருகியது. எந்தப் பாடல் வெல்லும் என்பதும் குழுவுக்குக் குழு மாறியது. மிக நல்ல பாடல்கள் அடியில் விழுவதும் மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிதாக இருந்தன. இடையில் உள்ளவற்றின் கதி முதலில் வந்தவர்களின் கையில் இருந்தது.

லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோரின் 2013 ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளுக்குப் பிறந்தவுடனே ஒரே ஒரு ஆதரவு வாக்கு செயற்கையாக இடப்பட்டபோது, அவற்றின் இறுதி மதிப்பீடு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. முதல் வாக்கு பின்வருபவரின் கண்ணை மாற்றுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2007-இல் தொடங்கிய குட்ரீட்ஸ் தளத்தில், வெளிவராத நூல்களுக்கும் மதிப்பிட முடிந்தது. 2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட்டின் 'தி ஸ்னோ ஃபாரஸ்ட்' நாவல் ரஷ்யாவைக் களமாகக் கொண்டது என்பதற்காக, வெளிவரும் முன்பே நூற்றுக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்களைப் பெற்றது. அவர் வெளியீட்டையே ஒத்திவைத்தார். யாரும் படிக்காத நூலுக்கு ஒரு மதிப்பெண் இருந்தது என்பதே அந்த முறையின் மேல் வைக்கப்பட வேண்டிய கேள்வி.

வரிசைக்கு வேண்டிய நெறிகள்

இந்த வரலாற்றிலிருந்து கதைக் களஞ்சியங்களுக்கான நெறிகளைத் திரட்டலாம். அவை தமிழுக்கும் நெருக்கமானவை. 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் தமிழ்க் கதைகள் நட்சத்திரத்தையும் வாசிப்பு எண்ணிக்கையையும் சுமந்தே வாசகர் முன் வருகின்றன. வார இதழின் ஆசிரியர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடத்தில் இப்போது எண்கள் நிற்கின்றன. அந்த எண்களுக்கும் ஆசிரியருக்கு இருந்த பொறுப்பு உண்டு.

முதலாவது, மதிப்பீட்டையும் வாசகர் எண்ணிக்கையையும் ஒரே எண்ணாகக் கலக்கக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதும், வந்தவர்களுக்குப் பிடித்ததா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் தனித்தனியே காட்டி, எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்பதை வாசகருக்கே விட வேண்டும். இரண்டாவது, மதிப்பீட்டை வாக்குகளின் எண்ணிக்கையால் திருத்தியே வரிசையில் வைக்க வேண்டும். வெறும் சராசரி வரிசை ஆகாது. மூன்றாவது, வாசிப்பைக் கதையின் அமைப்புக்கு ஏற்ப எண்ண வேண்டும். தொடர்கதைக்கு மொத்த வருகையைவிட, முதல் அத்தியாயத்தைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி அத்தியாயத்துக்கு வந்தார்கள் என்பது உண்மையான அளவு. வாசகர் வாக்களிக்க மறந்தாலும், அடுத்த அத்தியாயத்தைத் திறப்பதே அவர் தரும் தீர்ப்பு. தொடங்கியவர்கள் மிகக் குறைவாக இருக்கும்போது இந்த விகிதத்துக்கும் முன்சொன்ன திருத்தம் வேண்டும்.

நான்காவது, காலத்தைப் பிரிக்க வேண்டும். இவ்வாரம், இவ்வாண்டு, மொத்தம் என்ற பட்டியல்கள் தனித்தனியே இருந்தால் புதிய கதைக்கு ஏறும் வழி கிடைக்கும். முடிந்துபோன நல்ல கதையும் மறையாது. ஐந்தாவது, சரித்திரக் கதையும் குடும்பத் தொடரும் சிறுகதையும் தத்தம் வகைக்குள் ஒப்பிடப்பட வேண்டும். சிறிய வகையின் சிறந்த கதைக்குப் பெரிய வகையின் கூட்டம் தடையாகக் கூடாது. ஆறாவது, புதிய கதைக்குப் போதிய வாசகர் வரும்வரை எண்ணைக் காட்டாமல் வைத்து, முதல் வாக்குகளின் பாரத்திலிருந்து அதைக் காக்க வேண்டும். அந்த நாட்களில் தேதி வரிசையும் குறிச்சொல் தேடலும் அதைக் கண்டெடுக்கும் வழியாக இருக்கட்டும். ஏழாவது, கதையைத் திறக்காதவரின் மதிப்பீடு எண்ணப்படக் கூடாது. ஒரே ஆளின் பல கணக்குகளையும் கூட்டாக வந்து குவியும் வாக்குகளையும் நீக்க வேண்டும். ஐயம் மட்டும் இருந்தால், குறுவாள் குறியைப் போல வெளிப்படையாகச் சுட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, விதியை எழுதி வைப்பது. எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம், எத்தனை வாக்குக்குக் கீழ் வரிசையில் சேர்ப்பதில்லை என்பதைத் தளம் வாசகர் படிக்கக்கூடிய மொழியில் சொல்ல வேண்டும். 'தி புக்மேன்' தன் பத்துப் புள்ளிக் கணக்கை அச்சிட்டது; அதன் குறையை வாசகரே கண்டுபிடிக்க முடிந்தது. விதி தெரிந்த பட்டியலைத் திருத்தலாம், மறுக்கலாம், வேறு பட்டியலோடு ஒப்பிடலாம். விதி தெரியாத பட்டியலை நம்பவோ புறக்கணிக்கவோ மட்டுமே முடியும். உழைத்து எழுதியவருக்கும் நேரம் ஒதுக்கிப் படிப்பவருக்கும் அது போதாது.